பாலர்க்கு உலகங் காட்டிய ஆசிரியர்: ஜான் ஆமோஸ் கொமேனியஸ்

சிறு பாலர்க்குச் சரித்திரம் கற்பித்தல் எளிதென்று எண்ணுவார் பலர். அரசர் பெயர்களையும், அவர் முடிசூடிய ஆண்டுகளையும், போர் நிகழ்ந்த இடங்களையும் நிரல்பட எழுதுவித்து, நெட்டுருப் பண்ணச்செய்து, மறுநாள் ஒப்புவிக்கக் கேட்டுவிடின் ஆசிரியர் கடமை முடிந்ததென்பது அன்னார் கருத்து. அங்ஙனம் கற்ற பாலன் பரீட்சை கழிந்த மறு திங்களே அவை அனைத்தையும் மறந்துவிடுகின்றான். மறவாது எஞ்சி நிற்பது அப்பாடத்தின்பாற் கொண்ட வெறுப்பொன்றே. சென்ற ஆண்டென்பது யாதென்று செவ்வையாய் அறியாத ஆறு வயதுக் குழந்தைக்கு, ஆயிரம் ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தவற்றை உணர்த்துவது யாங்ஙனம்? சரித்திர ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டிய வினா இது.

இவ்வினாவிற்கு விடைகாண முயன்றாருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜான் ஆமோஸ் கொமேனியஸ் என்னும் பெரியார். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் சபைக் குருவாகவும், பாடசாலைத் தலைவராகவும், நாடிழந்து பிற நாடுகளில் அலைந்த அகதியாகவும் வாழ்நாளைக் கழித்தவர். கல்விநூல் வல்லார் இவர் பெயரைப் போற்றுவர். ஆயினும் இவர் பட்ட துன்பங்களையும், அத்துன்பங்களினூடே இவர் பாலர்பொருட்டு ஆற்றிய பணியையும் அறிந்தார் சிலரே. கல்லூரியை விட்டபின் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதுவார் நம்மிடையே பலர் இருத்தலின், இவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி வரைதல் பயனுடைத்தாகும்.

கொமேனியஸ் 1592-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் மொராவியா நாட்டிற் பிறந்தார். அந்நாடு இப்பொழுது செக் குடியரசின் கீழ்த்திசைப் பகுதியாக உள்ளது. அவர் பெற்றோர் சகோதர ஐக்கியம் என்னும் சபையைச் சேர்ந்தவர். 1415-இல் தீக்கிரையாக்கப்பெற்ற ஜான் ஹஸ் என்னும் சீர்திருத்தக்காரரின் வழிவந்தோர் 1457-இல் அமைத்த சபை அது. எளிய வாழ்க்கையும், தாய்மொழியில் வேதம் வாசித்தலும், சிறுவர் கல்வியும் அச்சபையார்க்கு உயிரனையவாயிருந்தன. எனினும் அச்சபையின் மைந்தராகிய கொமேனியஸுக்கு இளமையில் நற்கல்வி வாய்த்திலது. ஏறக்குறையப் பன்னிரண்டாம் வயதில் அவர் தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். உடன்பிறந்த பெண்மக்களுள் இருவர் மாண்டனர். அத்தை வீட்டில் அடைக்கலம் புகுந்தார். 1605-இல் அவ்வூரும் பகைவரால் சூறையாடப்பட்டது. இலத்தீன் பாடசாலையில் அவர் சேர்ந்தபொழுது வயது பதினாறு. தம்மினும் மிக இளையரான சிறுவரோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற அவ்விளைஞர், பிறர் காணாத ஒன்றைக் கண்டார். பொருளறியாத சொற்களையும் விதிகளையும் பிரம்புக்கு அஞ்சிச் சிறுவர் மனப்பாடம் செய்வதையும், அவ்வச்சத்தில் அவர்தம் அறிவு கூம்புவதையும் வளர்ந்த கண்கொண்டு கண்டார். சிறு வயதிலேயே பள்ளி சேர்ந்திருப்பின் இது அவர் கருத்திற்கு எட்டாமலே போயிருக்கக்கூடும். காலந்தாழ்த்து வந்த கல்வியே அவரை ஆசிரியர்க்கு ஆசிரியராக்கிற்று எனலாம்.

பின்னர் அவர் ஜெர்மானிய நாட்டிலுள்ள ஹெர்போர்ன், ஹைடல்பெர்க் என்னும் இடங்களிற் சென்று உயர்கல்வி கற்றார். 1614-இல் ஹைடல்பெர்க்கில், வானநூல் அறிஞராகிய கோப்பர்னிக்கஸ் தம் கைப்பட எழுதிய பிரதியொன்றை விலைகொடுத்து வாங்கினார். அவ்வாண்டே நெடுந்தொலை கால்நடையாக நடந்து தாயகம் திரும்பினார். தாம் பயின்ற பாடசாலையிலேயே ஆசிரியரானார். 1616-இல் குருப்பட்டம் பெற்றார். 1618-இல் ஃபுல்நெக் என்னும் ஊரில் சபைக்குக் குருவும் பாடசாலைக்குத் தலைவருமாயினார். மணமும் முடிந்தது. அமைதியும் இன்பமும் நிறைந்த வாழ்க்கை தொடங்கிற்றென அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் முப்பதாண்டுப் போர் என்று சரித்திரம் கூறும் பெருந்தீ மூண்டதும் அவ்வாண்டிலேதான்.

1620-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், பிராக் நகரையடுத்த வெண்குன்றத்தில் போகீமியரின் படை தோல்வியுற்றது. அடுத்த ஆண்டு அந்நகரில் தலைவர் இருபத்தெழுவர் கொலைத்தண்டம் பெற்றனர். ஃபுல்நெக் நகர் கொள்ளையிடப்பட்டது. கொமேனியஸ் உயிர்பிழைக்க ஓடி ஒளிந்தார். 1622-இல் அவர் இளமனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளைநோயால் இறந்தனர். அவர் உடனிருந்து கண்ணீர் சிந்தவும் இயலவில்லை. மறு ஆண்டில் அவருடைய நூல்கள் ஊர்ச் சந்தை வெளியிற் குவித்து எரிக்கப்பட்டன. உலகத்தை ஒரு குழப்பமான நகராகவும், மனத்தை அதனின்று மீண்டு அடையத்தக்க பேரின்ப இல்லமாகவும் உருவகித்து, தம் தாய்மொழியாகிய செக் மொழியில் அவர் ஒரு நூல் இயற்றியது அவ்விருண்ட நாட்களிலேதான். இறுதியாக, தம் சமயத்தை விடாதார் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமென்று ஆணை பிறந்தது. 1628-இல் அவர் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்து நாட்டு லெஷ்னோ என்னும் ஊரை அடைந்தார். மீண்டும் மொராவியாவில் அவர் வாழ்ந்தாரல்லர்.

நாடிழந்த மாந்தர் பலர் பழிவாங்குதற்கு வாளைத் தேடுவர். கொமேனியஸ் பாடசாலையைத் தேடினார். போர் ஒருநாள் முடியும், தம் மக்கள் தாயகம் மீள்வர், அந்நாளில் பாழ்பட்ட நாட்டைத் திருத்தப் பள்ளிக்கூடங்களே முதற்கண் வேண்டப்படுவன என்று அவர் நம்பினார். லெஷ்னோவில் கற்பித்துக்கொண்டே கல்வி முறையைப் பற்றிய பேரிலக்கணம் ஒன்றை முதலிற் செக் மொழியிலும் பின்னர் இலத்தீனிலும் வகுத்தார். செல்வர் வறியர், நகரத்தார் நாட்டுப்புறத்தார், ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றி எல்லாரும் கல்விக்கு உரியரென்பது அந்நூலின் அடிப்படை. பிறப்பு முதல் ஆறு வயதுவரை தாய்மடியே பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டுவரை தாய்மொழிப் பள்ளி. பதினெட்டுவரை இலத்தீன் பள்ளி. இருபத்துநான்குவரை பல்கலைக்கழகம் எனக் கல்விக்காலத்தை நான்காகப் பகுத்தார். 1631-இல் அவர் வெளியிட்ட மொழிவாயில் என்னும் இலத்தீன் பாடநூல், எண்ணாயிரம் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அடக்கி, ஐரோப்பா முழுவதும் அவர் பெயரைப் பரப்பிற்று.

தாய்மடிப் பள்ளியைப் பற்றி அவர் தாய்மார்க்கென எழுதிய சிறுநூல் 1633-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. சரித்திரம் கற்பிப்பார் அதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏனெனில் சரித்திரக் கல்வி ஆறு வயதிற்கு முன்னரே தொடங்குகின்றது என்பது அவர் துணிபு. நாழிகை, நாள், வாரம், திங்கள், ஆண்டு என்பனவும், நேற்று, நாளை என்பனவும் இன்னவென்று குழந்தை உணர்வதே காலக்கணக்கின் தொடக்கம். நேற்று வீட்டிற்கு வந்தவர் யார், சென்ற ஆண்டு நிகழ்ந்தது யாது என்று நினைந்து சொல்லப் பழகுவதே சரித்திரத்தின் தொடக்கம். மலை, பள்ளத்தாக்கு, ஆறு, ஊர் என்பவற்றைக் கண்ணாற் கண்டறிவதே பூகோளத்தின் தொடக்கம். இவற்றைக் கற்பிக்கப் புத்தகம் வேண்டா, பிரம்பும் வேண்டா. குழந்தையோடு அன்புடன் உரையாடும் தாய் ஒருத்தி போதும். தன் வாழ்நாளில் நிகழ்ந்ததை நினைவுகூரப் பழகிய குழந்தையே, பின்னர்த் தன் பாட்டன் காலத்தையும், அதற்கு முந்திய காலத்தையும் உள்ளத்திற் கொள்ளவல்லது என்னும் உண்மை இதனுள் அடங்கியிருத்தல் காண்க.

மேல்வகுப்புகட்கும் அவர் இம்முறையே படிப்படியாய் வகுத்தார். தாய்மொழிப் பள்ளியிற் பயிலும் பாலர் உலகப் படைப்பு முதலாகத் தம் காலம்வரையுள்ள சரித்திரத்தைப் பொதுவகையான் அறிதல் வேண்டும். இலத்தீன் பள்ளியின் ஆறு வகுப்புகளிலும் ஆண்டுதோறும் சரித்திரம் பயிலப்படும். முதல் ஆண்டில் வேதாகமச் சரித்திரம். இரண்டாவதில் இயற்கைப் பொருள்களின் வரலாறு. மூன்றாவதில் கலைகளும் கருவிகளும் தோன்றிய வரலாறு. நான்காவதில் நற்குணத்தாற் சிறந்தோர் வரலாறு. ஐந்தாவதில் பல்வகை மக்களின் பழக்க வழக்கங்கள். ஆறாவதிலேதான் உலகப் பொதுச் சரித்திரமும், மாணவரது தாய்நாட்டுச் சரித்திரமும். மன்னரும் போரும் முதலில் வாராமல், உழவும் தொழிலும் ஒழுக்கமும் முன்னே வருதல் கருதற்பாலது. வகுப்பறை ஒளியும் தூய்மையும் உடையதாய், சுவர்களில் சான்றோர் உருவங்களும், தேசப்படங்களும், சரித்திர நிகழ்ச்சிப் படங்களும் விளங்க வேண்டுமென்றும் அவர் விதித்தார். நாடகத்தையும் அவர் விடவில்லை. தையோஜனிஸ் என்னும் கிரேக்க ஞானியைப் பற்றியும், பிதாவாகிய ஆபிரகாமைப் பற்றியும் அவர் எழுதிய நாடகங்களை 1640, 1641-ஆம் ஆண்டுகளில் லெஷ்னோ மாணவர் நடித்தனர். பழங்காலத்தாரின் சொல்லைத் தன் வாயாற் சொல்லி, அவர்தம் செயலைத் தன் கையாற் செய்துகாட்டும் மாணவனுக்கு அவர் வெறும் பெயராய் நில்லார் அன்றோ?

அவர் புகழ் பரவவே பல நாட்டார் அவரை அழைத்தனர். 1641-இல் ஹார்ட்லிப் முதலிய நண்பர் அழைப்பிற்கிணங்கி இங்கிலாந்து சென்றார்; அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டமையால் மறு ஆண்டே நீங்கினார். ஸ்வீடன் நாட்டு முதலமைச்சர் ஒக்சென்ஸ்டியெர்னா அவரோடு பல நாள் உரையாடி, தம் நாட்டுப் பள்ளிகட்குப் பாடநூல் எழுதுமாறு பணித்தார். உலக மக்களை ஒன்றுபடுத்தும் பேரறிவு நூலொன்றை இயற்றுவதே கொமேனியஸின் உள்ளத்து வேட்கை; எனினும் ஸ்வீடன் அரசு தம் மக்கட்குத் துணைநிற்கும் என்னும் நம்பிக்கையால், எல்பிங் நகரில் ஆறாண்டு தங்கிப் பாடநூல்களை எழுதினார். 1648-இல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் போகீமிய மொராவிய அகதிகட்குத் தாயகம் மீள வழி வைக்கப்படவில்லை. அவ்வாண்டிலேயே அவருடைய இரண்டாம் மனைவியும் இறந்தார். அவ்வாண்டிலேயே அவர் தம் சபையின் தலைமை அத்தியட்சராகவும் ஆனார்; ஆனால் அத்தியட்சரின் மந்தையோ பல நாடுகளிற் சிதறிக் கிடந்தது.

1650-இல் அங்கேரி நாட்டுச் சாரோஷ்படாக் என்னும் ஊரின் பாடசாலையைத் திருத்தியமைக்க அவர் சென்றார். ஏழு வகுப்புகட்குத் திட்டம் வகுத்தார், மூன்றே நடைபெற்றன. ஆயினும் அங்கு அவர் எழுதிய ஒரு சிறு நூல் அவர்தம் பெருநூல்கள் பலவற்றினும் நெடுநாள் வாழ்ந்தது. அதுவே 1658-இல் நியூரெம்பெர்க் நகரில் அச்சான ஆர்பிஸ் பிக்டஸ், அஃதாவது படங்களிற் காணும் உலகம். நூற்றைம்பது பாடங்கள், மரத்திற் செதுக்கிய படம் பாடந்தோறும் உண்டு. படத்திலுள்ள பொருள்கட்கு எண்ணிட்டு, அதே எண்களைக் கீழுள்ள இலத்தீன், ஜெர்மன் சொற்கட்கும் இட்டிருந்தார். தொடக்கத்தில் காகம், ஆட்டுக்குட்டி, வாத்து, அழுகின்ற குழந்தை முதலியவற்றின் ஒலிகளைக்கொண்டு எழுத்துகள் அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டே அந்நூல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. நூறாண்டு கழித்தும் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கேதே தம் இளமையில் அதனைப் பார்த்து மகிழ்ந்தனர்.

அந்நூலில் சரித்திரம் என்று தலைப்பிட்டு மன்னர் பட்டியல் காணப்படாது. ஆனால் சரித்திர உணர்ச்சி பல இடங்களில் ஊடுருவி நிற்கின்றது. மாவரைக்கும் பாடத்தில், முதலிற் கையால் சுழற்றும் திரிகையும், பின்னர் விலங்கு இழுக்கும் திரிகையும், அதன்பின் நீராற் சுழல்வதும், இறுதியிற் காற்றாற் சுழல்வதுமாக ஒன்றன்பின் ஒன்று தோன்றியவாறு ஒரே படத்திற் காட்டப்படுகின்றன. எழுதுங் கலையைக் கூறும் பாடத்தில் பண்டையோர் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதினரென்றும், தம் காலத்தார் வாத்தின் இறகால் எழுதுவரென்றும் கூறுகின்றார். காகிதப் பாடத்தில் மரப்பலகை, இலை, மரப்பட்டை, எகிப்து நாட்டுப் பாப்பிரசு ஆகியவற்றைச் சொல்லிப் பின் கந்தைத் துணியினின்று காகிதம் ஆமாற்றை விளக்குகின்றார். ஒரு பிடி மாவையும் ஒரு தாளையும் கையிற்கொண்டு காலத்தின் நீட்சியைக் குழந்தைக்கு உணர்த்தும் வழி இது. பனையோலையும் எழுத்தாணியும் இன்னும் சில இல்லங்களிற் காணக்கிடைக்கும் நம் நாட்டில், இப்பாடத்தைத் தொடங்க ஆசிரியர் நெடுந்தொலைவு தேடிச் செல்லவேண்டுவதில்லை.

ஆயினும் அவரைக் குற்றமற்றவர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். வருவதுரைப்பேம் என்று கூறிக்கொண்ட சிலரை அவர் பெரிதும் நம்பி, அவர்தம் கூற்றுக்களைத் தொகுத்து 1657-இல் அச்சிட்டார். அவ்வாக்குகள் பொய்த்தபொழுது நகைப்பிற்கு இடமானார். போலந்தின்மீது படையெடுத்து வந்த ஸ்வீடன் மன்னரைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டது, தமக்கு அடைக்கலமளித்த நாட்டாரின் சினத்தைக் கிளறிற்று. 1656 ஏப்பிரலில் போலந்துப் படையினர் லெஷ்னோவை எரித்தனர். அவர் வீடும் நூல்நிலையமும் சாம்பராயின. நாற்பதாண்டுகட்கு மேலாக அவர் தொகுத்துவந்த செக் மொழிப் பேரகராதியின் கையெழுத்துப் பிரதியும் அத்தீயில் அழிந்தது. தாயகத்தை முன்னரே இழந்தவர், தாய்மொழிக்கெனச் சேர்த்துவைத்த செல்வத்தையும் அன்று இழந்தார். படங்களிற் காணும் உலகத்திலும், பிற சமயத்தாரைப்பற்றிய சில பகுதிகளில் அக்காலத்துக் காழ்ப்புக் கலந்திருத்தல் உண்டு. நற்பொருளைக் கொண்டு அல்லதைத் தள்ளுதல் நம் கடன்.

அறுபத்துநான்கு வயதில் வெறுங்கையராய் ஆம்ஸ்டர்டாம் நகரையடைந்த அவரை டி கீர் குடும்பத்தார் ஆதரித்தனர். 1657-இல் அவர்தம் கல்விநூல்கள் அனைத்தும் அங்கு ஒருங்கே அச்சாயின. 1667-இல் ஆங்கிலரும் ஒல்லாந்தரும் பிரேடா நகரிற் சமாதானம் பேசக் கூடியபொழுது, அம்முதியவர் இரு திறத்துத் தூதர்க்கும் சமாதானத்தை வற்புறுத்தி ஒரு நூல் விடுத்தார். 1670-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், ஆம்ஸ்டர்டாமில் உயிர் நீத்தார். நார்டன் என்னும் ஊரிலே நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் இறந்தபொழுது அவர் சபையும் இறந்ததாகவே தோன்றிற்று. ஆனால் 1722-இல் மொராவிய அகதிகள் சிலர் ஜெர்மானிய நாட்டில் சின்செண்டார்ஃப் பிரபுவின் நிலத்திற் குடியேற, அது மீண்டும் தளிர்த்தது. 1735-இல் அச்சபைக்கு முதல் அத்தியட்சரை அபிஷேகம் செய்வித்தவர் கொமேனியஸின் மகள் வயிற்றுப் பேரராகிய யப்லோன்ஸ்கி. அச்சபையாரே 1760-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, சகோதரர் தோட்டம் எனப் பெயர் வழங்கிய இடத்தில் வாழ்ந்தனர். பிறிதொரு தொடர்பும் உண்டு. மனித வாழ்வனைத்தையும் திருத்தியமைக்க அவர் எழுதிய பெருநூலின் கையெழுத்துப் பிரதி, தரங்கம்பாடி மிஷனுக்குத் தாயகமாயிருந்த ஹாலே நகரத்து அநாதைச்சாலை நூல்நிலையத்தில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 1934-35-ஆம் ஆண்டுகளிற் கண்டெடுக்கப்பட்டது. அவர் பிறந்த மார்ச்சு 28-ஆம் நாளை இன்று செக் நாட்டார் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இவர் வாழ்க்கையினின்று நாம் அறியத்தக்கது யாது? சரித்திரம் இருமுனைக் கத்தி போன்றது. பழம்பகையைப் பிஞ்சு உள்ளத்தில் ஊன்றுதற்கும் அதுவே கருவி. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்விப்பதற்கும் அதுவே கருவி. மனைவி மக்களையும், நாட்டையும், நூல்களையும் பகைவர் கையிலும் கொள்ளைநோயிலும் இழந்த ஒருவர், தம் சபையார் பட்ட கொடுமைகளை மறைக்கவில்லை. பிறரோடு சேர்ந்து அவற்றின் வரலாற்றை முதிர்ந்தோர்க்கென எழுதிவைத்தார். ஆனால் பாலர் கையிற் கொடுத்த படநூலில் அவர் திரிகையையும், எழுத்தாணியையும், காகிதத்தையும், குழந்தையின் அழுகுரலையும் வைத்தார். உண்மையை மறைத்தலும் வேறு; வயதறிந்து வழங்குதலும் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்தவரே பாலர்க்குச் சரித்திரம் கற்பிக்கத் தகுதியுடையார்.

நம்முள் எவரேனும் நாளை ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முப்பது பாலர் முன் நிற்கநேரின், கரும்பலகையில் ஆண்டெண்களை வரையுமுன், நேற்று உன் வீட்டில் நிகழ்ந்ததென்ன என்று அவருள் ஒருவனை வினவுவோமாக. அவன் தயங்கித் தயங்கிச் சொல்லும் அவ்விடையே அவன் கற்கும் முதற் சரித்திரம். அதனைப் பொறுமையோடு கேட்கும் ஆசிரியரே கொமேனியஸின் மாணாக்கர்.